எஞ்சின் பேசக் கற்ற கதை

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பந்திங்கைக் கடந்து தென்கிழக்கே சென்றால் சிப்பாங் பந்தயத் திடல் வரும். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் அங்கே நடந்தது. அந்தக் கார்களின் எஞ்சினில் பொருத்தும் உணரிகளின் வரலாற்றை இன்று காண்போம். நமக்கும் பந்தயக் காருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு.

ஆலைக் கொதிகலனில் முள்ளுடன் கூடிய அழுத்தமானியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1849இல் பிரெஞ்சுக்காரரான யூஜின் பூர்டோன் காப்புரிமை பெற்ற கருவி அது. நீராவி அழுத்தம் ஏற ஏற, உள்ளேயுள்ள வளைந்த குழாய் நிமிரும், முள் நகரும். அதற்கு முன்பே, 1821இல், தாமஸ் சீபெக் என்பவர் வேறொன்றைக் கண்டறிந்தார். இருவேறு உலோகங்களை இணைத்து ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். புகைக்குழாயின் கடும் வெப்பத்தை இன்றும் இம்முறையில் அளக்கிறார்கள்.

1968இல் ஷா ஆலாமில் பத்து தீகா பந்தயத் திடல் திறக்கப்பட்டது. அக்காலத்து ஓட்டுநர் முள்ளைப் பார்த்தும், ஒலியைக் கேட்டும் எஞ்சினின் நிலையை அறிந்தார். ஆனால் வளைவில் திரும்பும்போது முள்ளைப் பார்க்க நேரமேது? ஆகவே அளவை மின்குறியாக மாற்றும் உணரிகள் வந்தன. வானொலி அலை வழியே அக்குறிகள் குழுவினரின் திரைக்கும் சென்றன. 2005இல் கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் சிப்பாங்கில் 11ஆவதாக வந்தபோதும், அவர் எஞ்சினின் நாடியைக் குழுவினர் இவ்வாறே பார்த்தனர்.

உணரிகள் இருவகை. சுழல்தண்டின் நிலையைச் சொல்லும் உணரி இல்லாவிட்டால் இக்கால எஞ்சின் ஓடாது. எண்ணெய் அழுத்தம், எண்ணெய் வெப்பம், புகை வெப்பம் ஆகியவற்றை அளக்கும் உணரிகள் பல பந்தயக் கார்களில் விருப்பத்தின்பேரில் சேர்ப்பவை. அவை இல்லாமலும் எஞ்சின் ஓடும். ஆனால் நோய் வந்தால் சொல்லாது.

கம்பி இழுப்பதிலும் கவனம் வேண்டும். புகைக்குழாய்க்கு அருகே சென்றால் கம்பி உருகும். ஸ்பார்க் பிளக் கம்பியோடு ஒட்டிச் சென்றால் அளவு பிழைபடும். விறைப்பாகக் கட்டினால் அதிர்வில் அறுந்துவிடும். இணைப்பில் ஈரம் புகுந்தால் உணரி பொய் சொல்லும்.

2016 அக்டோபரில் சிப்பாங்கில் லூயிஸ் ஹாமில்டன் முன்னணியில் இருந்தார். 56 சுற்றுகளில் 40ஐ முடித்த பின், எஞ்சினிலிருந்து புகையும் நெருப்பும் எழுந்தன. வெற்றிக்குரிய 25 புள்ளிகள் போயின. அவ்வாண்டு உலகப் பட்டத்தை அவர் இழந்தது 5 புள்ளிகளில்தான்! நூற்றுக்கணக்கான உணரிகள் இருந்தும் எஞ்சின் தப்பவில்லை. உணரி நோயைச் சொல்லும், நோயைத் தீர்க்காது.

நம் வீட்டு வண்டியிலும் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நாம் ஓட்டிச் செல்கிறோம். பிறகு ஒரு மாதச் சம்பளம் பட்டறைக்குப் போகிறது. பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளையையும் நாம் திட்டுகிறோம். திட்டுவதற்கு முன், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அவனிடம் கேட்டுப் பார்ப்போம். தெளிவாகச் சொன்னால், அவனைத் தொழிற்கல்வியில் சேர்க்க வழி தேடுவோம்.