அடிவாரத்து அரங்கமும் செய்தி சொல்லும் முகமும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்கு முன்பாக, ஒரு முகப்பு வளைவு தனித்து நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பெயர் தாங்கிய அவ்வளைவுக்குப் பின்னால் ஒரு காலத்தில் அரண்மனைகளும் சிறைக்கூடங்களும் கடைவீதிகளும் மரச்சட்டத்திலும் துணியிலும் எழும்பின. படம் முடிந்ததும் பிரித்தெடுக்கப்பட்டன. டி. ஆர். சுந்தரம் நிறுவிய அந்தப் படப்பிடிப்பு நிலையம்தான் 1938இல் முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' படத்தையும், 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தையும் தந்தது. சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் நின்று தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தியரங்கின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு கேள்விக்கு அந்த இடமே விடை தருகிறது. சினிமா அரங்கம் பொய் என்பது எடுப்பவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். அது இருவரும் மனமொப்பிச் செய்துகொண்ட ஒப்பந்தம். செய்தியரங்கில் அத்தகைய ஒப்பந்தம் கிடையாது. அங்கும் ஒளி உண்டு, ஒப்பனை உண்டு, பின்திரை உண்டு. ஆனால் பார்ப்பவர் அதனை மெய் என்று கொள்கிறார்.

முதலில் முகமே இருக்கவில்லை, குரல்தான் இருந்தது. 1947 ஆகஸ்டு 15 அன்று விடுதலைச் செய்தியை அகில இந்திய வானொலியில் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். அவரைப் பிற்காலத்தில் திரைப்படங்களில் கண்டபோதுதான் பலருக்கும் அந்தக் குரலின் முகம் தெரியவந்தது. தில்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியை (மறைவு: 2022) நேரில் பார்த்தவர் சிலரே, குரலால் அறிந்தவர்களோ இலட்சக்கணக்கானோர். இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறிச் செல்லவேண்டிய காப்பித் தோட்டத்துக் குடியிருப்புக்கும் சிற்றலை வானொலி எளிதில் எட்டிவிடும். செய்தித்தாள் வந்துசேர நேரமாகும் இடத்தில் அக்குரலே அன்றைய நாள்.

முகம் காட்டுவதில் உலகமே தயங்கிய காலம் ஒன்றிருந்தது. பிரிட்டனில் பி.பி.சி. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் 1955 செப்டம்பர் வரை திரையில் தோன்றவில்லை. வாசிப்பவரின் முகக்குறிப்பு செய்தியின் நடுநிலையைக் குலைத்துவிடும் என்று நிறுவனத்தார் அஞ்சினர். கென்னத் கெண்டல் அவ்வாண்டில் முதன்முதலாக முகம் காட்டி வாசித்தார். அந்த அச்சத்தை இன்று நாம் பழைமை என்று நகைத்து ஒதுக்கிவிட இயலாது என்பதைப் பின்வரும் வரலாறு உணர்த்தும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதன் செய்தியரங்கை நினைவிலிருந்து வரைவது எளிது: ஒரு மேசை, ஒரு வெற்றுத் திரை, மேசைமேல் தாள்கள். இந்த எளிமைக்கு வறுமை மட்டும் காரணமன்று. கறுப்பு வெள்ளை ஒளிபரப்பில் நிறங்கள் எல்லாம் சாம்பலின் படிகளாகிவிடும். தூய வெள்ளை ஆடை கண்ணைக் கூசவைக்கும். நெருக்கமான கோடுகள் திரையில் அலைபோல் நடுங்கும். ஆகவே வாசிப்பவரின் புடவையும் சட்டையும் முதலில் ஒளிப்பதிவுக் கருவிக்கு உகந்தவையாக இருக்கவேண்டியிருந்தது. தாளைப் பார்த்து வாசித்து, வாக்கியத்தின் இறுதியில் தலைநிமிர்ந்து நேயரை நோக்குவது தனிக்கலை. ஒளிப்பதிவுக் கருவியின் முன்னே எழுத்துகளை ஓடவிடும் டெலிப்ராம்ப்டர் பரவிய பின் அந்தத் தலைநிமிர்தல் மறைந்தது. அதனோடு, 'இவர் எங்கோ எழுதப்பட்டதை வாசிக்கிறார்' என்ற நேர்மையான அறிவிப்பும் மறைந்தது என்பேன்.

ஷோபனா ரவி, டி. வி. வரதராஜன், சந்தியா ராஜகோபால், பாத்திமா பாபு முதலியோர் அவ்வரங்கிலிருந்து வீடுகளுக்குள் வந்தவர்கள். வரதராஜன் மேடை நாடகக்காரர். ஆயினும் செய்தி மேசையில் நடிப்பை வெளியே வைத்துவிட்டு அமர்ந்தார். ஷோபனா ரவியின் உச்சரிப்பும் புடவை கட்டும் நேர்த்தியும் தமிழ்நாட்டுப் பெண்கள் பலருக்கு முன்மாதிரியாயின. அலங்காரமற்ற அரங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் சொல்லைக் கேட்டோம்.

ஆனால் அந்த அமைதியை வழிபடுவதும் தவறு. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். வெளிநாட்டு வானொலி அவர் இறந்த செய்தியைப் பகலிலேயே சொல்லிவிட்டது. அரசு வானொலியும் தூர்தர்ஷனும் மாலை வரை காத்திருந்தன. அன்று தூர்தர்ஷனில் அச்செய்தியை வாசித்த சல்மா சுல்தானின் முகத்தில் பொய் இல்லை. பொய் இருந்தது நேரத்தில். முகத்தின் நம்பகத்தன்மையை அதன் பின்னாலிருக்கும் நிறுவனம் கடனாக வாங்கிச் செலவழிக்க முடியும் என்பதை அந்த நாள் காட்டியது.

1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. தொடங்கியபின் தமிழ்ச் செய்தியின் தோற்றம் மாறியது. வண்ணப் பின்னணிகள், சுழலும் எழுத்துகள், விரைவான நடை. பச்சை அல்லது நீலத் துணியின் முன் வாசிப்பவரை அமர்த்தி, துணியிருக்கும் இடத்தில் வேண்டிய காட்சியைப் பொருத்தும் முறை வழக்கமானது. அத்துணியின் நிறத்தில் புடவை உடுத்தினால் உடலே மறைந்து தலை மட்டும் மிதக்கும்! அடிவாரத்து அரங்கில் தச்சர்களும் ஓவியர்களும் நாள்கணக்கில் செய்ததைக் கணினி நொடியில் செய்தது.

2001 ஜூன் 30 அதிகாலையில் முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியைச் சன் டி.வி. திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. ஜெயா டி.வி. அதே நிகழ்வின் வேறொரு வடிவத்தைக் காட்டியது. தமிழர்கள் ஒரே நாளில் இரண்டு நிகழ்வுகளைக் கண்டார்கள். கைதான அவர் அரை நூற்றாண்டுக்கு முன் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'க்கு (1950) உரையாடல் எழுதியவர் என்பதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்படத்தின் மலையுச்சிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது கதை என்று தெரியும். 2001இல் எந்தக் காட்சித்தொகுப்பை நம்புவது என்று தெரியவில்லை.

இதற்கெல்லாம் ஏற்காட்டில் இருப்பவர் என்ன பங்கு வகித்தார்? அவர் பார்வையாளர், அவருடைய மலையோ பின்திரை. மே மாதக் கோடை விழா, மலர்க்கண்காட்சி, பனிமூட்டம், விபத்து நேர்ந்த வளைவு என்ற வடிவங்களில்தான் சேர்வராயன் மலை செய்திக்குள் நுழைகிறது. இம்மலையின் பழங்குடியினர் மலையாளி எனப்படுவோர். மலையை ஆள்பவர் என்று பொருள்கொள்வாரும் உண்டு, கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ளலாகாது. அவர்களுடைய பேச்சு செய்தி மேசையில் ஒருபோதும் ஒலித்ததாக நான் கேட்டதில்லை. 2006இல் வந்த மக்கள் தொலைக்காட்சி பிறமொழி கலவாத தமிழில் செய்தி தந்தது. அது போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் தூய தமிழ் என்பது மலைத் தமிழுக்கு மாற்றாகிவிடாது.

2024 மே மாதம் தூர்தர்ஷன் கிசான் அலைவரிசை உழவர்களுக்காகக் கிரிஷ், பூமி என்னும் இரு செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளர்களை அறிமுகப்படுத்தியது. ஐம்பது மொழிகளில் பேசவல்லவர்கள், களைப்பற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. மிளகும் காப்பியும் விளைவிக்கும் மலைக்குடியானவருக்கும் இனி அவர்கள் விலை சொல்லலாம், மழை சொல்லலாம். கென்னத் கெண்டலின் காலத்து அச்சம் முகம் உணர்ச்சி காட்டிவிடுமோ என்பது. இப்போது உணர்ச்சியே இல்லாத முகம் கிடைத்துவிட்டது. அச்சம் நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. ஏனெனில் தவறான செய்தி வாசித்துவிட்டால் மறுநாள் வருந்துவதற்கும், கடைத்தெருவில் கேட்பவருக்கு விடை சொல்வதற்கும் அம்முகத்துக்குப் பின்னால் ஆள் இல்லை. ஷோபனா ரவிக்கும் வரதராஜனுக்கும் நாம் தந்த நம்பிக்கை, ஒளிக்கும் மேசைக்கும் தந்ததன்று. கேள்வி கேட்கத்தக்க ஒரு மனிதருக்குத் தந்தது.

அடிவாரத்து வளைவு இன்னமும் நிற்கிறது. அதன் பின்னால் இருந்த அரங்கங்கள் தம்மைப் பொய் என்று ஒப்புக்கொண்டன. அதனால்தான் அவற்றை இன்றும் அன்போடு நினைக்கிறோம்.