எங்கட மூளைக்குச் சீனி கொண்டுபோகும் புரதமும் ஒரு பற்றீரியாவும்

1987இல் 'நேச்சர்' சஞ்சிகையில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் மாட்டின் மெய்டன், பீட்டர் ஹென்டர்சன் உட்பட ஐந்து பேர். ஈ. கோலை பற்றீரியாவின் இரண்டு சீனிக் கடத்திகளின் அமினோவமில வரிசையை வாசித்துவிட்டோம், இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று சொன்னார்கள். அதோடு நிற்காமல், 'எதிர்பாராத விதமாக' மனிதனின் குளுக்கோசுக் கடத்தியையும் அவை ஒத்திருக்கின்றன என்று போட்டிருந்தார்கள். ஆய்வுக்கட்டுரை எழுதுற ஆக்கள் லேசில ஆச்சரியப்பட்டுக் காட்டமாட்டினம். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கிற கதையைத்தான் நாங்கள் இங்க பாக்கப்போறம்.

கலமென்சவ்வு கொழுப்பால் ஆனது. சீனியோ தண்ணீரில் கரைவது. ஆகவே தானாக உள்ளே போக ஏலாது, யாராவது கூட்டிக்கொண்டு போகவேண்டும். 1956இல் பரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ழாக் மொனோவும் கூட்டாளிகளும் இதைத் தெளிவாகச் சொன்னார்கள். சில ஈ. கோலை வகைகளிடம் இலற்றோசை உடைக்கும் நொதியம் நிறைய இருந்தது, ஆனாலும் அவற்றால் இலற்றோசைப் பயன்படுத்த முடியவில்லை. சாப்பாடு வாசலில, சமையல்காரன் குசினியில, நடுவில கதவில்லை. அந்தக் கதவுக்கு அவர்கள் 'பேர்மியேஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மென்சவ்வுக்குள் புதைந்திருக்கும் புரதங்கள் தண்ணீரில் கரையாது. சவர்க்காரம் மாதிரியான பொருளைப் போட்டுத்தான் வெளியே இழுக்கவேண்டும், இழுத்தால் பழுதாகிப் போகும். புரதத்தை விட்டுவிட்டு அதன் பரம்பரை அலகை வாசிப்பதே சுகமான வழியாக இருந்தது. 1980இல் இலற்றோசுக் கடத்தியான லக்-வை அப்படித்தான் வாசிக்கப்பட்டது: 417 அமினோவமிலங்கள்.

கேம்பிரிட்ஜில் ஹென்டர்சன் குழுவுக்கு வேறு இரண்டு சீனிகளில் கண். அரபினோசைக் கொண்டுபோகும் அரா-ஈ, சைலோசைக் கொண்டுபோகும் சைல்-ஈ. இரண்டும் ஒவ்வொரு சீனியோடும் ஒரு புரோத்தனையும் உள்ளே இழுக்கும். பற்றீரியாக் கரைசலில் சீனியைப் போட்டவுடன் வெளியே பீ.எச். பெறுமானம் மெல்ல ஏறும், அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இதற்கிடையில் 1985இல் மைக் மியூக்லரும் மற்றவர்களும் மனித ஈரல் புற்றுநோய்க் கலத்திலிருந்து குளுக்கோசுக் கடத்தியின் வரிசையை வெளியிட்டார்கள். இண்டைக்கு அதைக் குளுட்-1 எண்டு சொல்லுவம். அதில் 492 அமினோவமிலங்கள், சைல்-ஈயில் 491.

நீளம் ஒன்றாக இருந்தால் சொந்தமா? இல்லை. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்து, தேவையான இடத்தில் இடைவெளி விட்டு, எழுத்துக்கு எழுத்து பொருத்திப் புள்ளி போடவேண்டும். அமினோவமிலங்கள் 20தான், ஆகவே எந்த இரண்டு புரதத்தை எடுத்தாலும் நூற்றுக்கு ஐந்தாறு தற்செயலாகப் பொருந்தும். புள்ளி போடுவதற்கான அட்டவணையை உருவாக்கியவர் மார்கரெட் டேஹொஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1965இலேயே 65 புரதங்களின் வரிசைகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போட்டவர். லியூசீன் இருந்த இடத்தில் ஐசோலியூசீன் வந்தால் பரவாயில்லை, திரிப்தோபன் மாறினால் விஷயம் பெரிது என்று, பரிணாமத்தில் எது எதாக மாறுகிறது என்பதை எண்ணிப் பார்த்தே அவர் அதைச் செய்தார்.

மென்சவ்வுப் புரதங்களில் இன்னொரு பொறியும் இருக்கு. கொழுப்புக்குள் இருக்கவேண்டும் என்பதால் அவை எல்லாவற்றிலும் லியூசீன், வலீன், பீனைல்அலனீன் நிறைந்திருக்கும். சொந்தமே இல்லாத இரண்டும் சாடையாக ஒரே மாதிரித் தெரியும். அதனால் ஒரு வரிசையின் எழுத்துகளைச் சீட்டு மாதிரிக் குலைத்துப்போட்டு, குலைத்ததோடு ஒப்பிட்டால் என்ன புள்ளி வருகிறது என்று பார்க்கவேண்டும். உண்மையான புள்ளி அதைவிட மிக உயர்ந்து நிற்கவேண்டும். சைல்-ஈக்கும் குளுட்-1க்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 29 இடங்கள் அப்படியே ஒன்று. அதோடு, ஆறாவது சுருளுக்குப் பின்னால் புரோலீன், குளுட்டாமிக் அமிலம், செரீன், புரோலீன், ஆர்ஜினீன் என்ற ஐந்தும் அதே ஒழுங்கில் இரண்டிலும் இருக்கின்றன. கொழுப்புக்கு வெளியே இப்படி வருவதைத் தற்செயல் எண்டு தள்ள ஏலாது.

அதே கட்டுரையில் இன்னும் இரண்டு விஷயம் இருந்தது, எங்களுக்கு அதுதான் கூடச் சுவாரசியம். சிற்றிரேற்றைக் கடத்தும் ஈ. கோலைப் புரதமும் இவற்றோடு ஒத்துப்போனது, அது சீனியே இல்லை. ஆனால் சீனியைக் கடத்தும் லக்-வையோடு ஒற்றுமை மிகக் குறைவு. ஆக, ஒப்பீடு சொந்தத்தைத்தான் காட்டும், தொழிலைக் காட்டாது. லக்-வையும் தூரத்துச் சொந்தம்தான் என்பது பிறகு தெரியவந்தது. 1993இல் மார்கரும் சேயரும் எல்லாவற்றையும் ஒரே பெருங்குடும்பமாகத் தொகுத்தார்கள். 2003இல் லக்-வையின் முப்பரிமாண அமைப்பு வந்தது.

1997இல் ஈ. கோலையின் முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்டபோது, புரதத்துக்கான 4,288 பரம்பரை அலகுகளில் 38 விழுக்காட்டுக்கு என்ன வேலை என்று தெரியாது. அதற்குப் பிறகு புதிய பற்றீரியா ஒன்றை வாசித்தால், கணினி பழைய பட்டியலோடு ஒப்பிட்டு 'சீனிக் கடத்தியாக இருக்கலாம்' என்று எழுதிவிடும். அடுத்த ஆள் அதைப் பார்த்து எழுதுவார், 'இருக்கலாம்' மட்டும் வழியில எங்கேயோ விழுந்துபோகும்.

2012இல் பெய்ஜிங்கில் நியெங் யான் குழுவினர் சைல்-ஈயைப் படிகமாக்கிப் பார்த்தார்கள். குளுக்கோசைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் அமினோவமிலங்கள் குளுட்-1இல் உள்ளவைதான், கிட்டத்தட்ட எல்லாம். சைல்-ஈ குளுக்கோசைப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் கடத்துவதில்லை! பிடித்த குளுக்கோசு வழியை அடைத்து, சைலோசு வருவதையும் தடுக்கிறது.

குளுட்-1இன் அமைப்பு 2014இல் வந்தது. மூளைக்குக் குளுக்கோசு போவது இந்தக் கடத்தி வழியாகத்தான். 1991இல் டி விவோ குழுவினர் விவரித்த ஒரு நோயில், மூளைக்குக் குளுக்கோசு போதாமல் குழந்தைகளுக்கு வலிப்பு வருகிறது. கொழுப்புக் கூடிய, மாச்சத்துக் குறைந்த சாப்பாட்டால்தான் சமாளிக்கிறார்கள். சில பிள்ளைகளில் மாறியிருப்பது ஒரேயொரு எழுத்து: 333ஆவது இடத்து ஆர்ஜினீன். சைல்-ஈயிலும் அரா-ஈயிலும் அந்த இடத்துக்குப் பொருந்தி வருவதும் ஆர்ஜினீன்தான்.