ஒற்றை நிறத்தில் கதிரவன்

போர்ட் பிளேரில் கதிரவன் உதித்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்ற பின்னரே கோடைக்கானலில் உதிக்கின்றான். இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 10 முதல் 12 பாகைக்குள் அமைந்தவை. ஆகவே தீவில் வாழும் நாம் காணும் வானமே அம்மலையில் உள்ளோர் காணும் வானமும் ஆகும். நம் கதிரவனை அங்கே நூறாண்டுக்கு மேலாகப் படம் பிடித்து வந்த வரலாற்றை இன்று நோக்குவோம்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர், பிழைப்புத் தேடிக் கடல் கடந்தோரும் பலர். கதிரவன்மீது தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என அந்நாளைய அறிஞர் சிலர் எண்ணினர். அவ்வெண்ணத்தின் பயனாகவே சூரிய ஆராய்ச்சிக்கெனக் கோடைக்கானல் வானாய்வுக்கூடம் எழுந்தது. 1899இல் சென்னை வானாய்வுக்கூடத்தின் பணியும் அங்கு மாற்றப்பட்டது. மிச்சி ஸ்மித் அதன் தலைவராய் விளங்கினார்.

வெண்ணொளியில் எடுத்த படம் கரும்புள்ளிகளைக் காட்டும். அவற்றின் மேலே சூழ்ந்துள்ள மெல்லிய வாயு மண்டலத்தைக் காட்டாது. பெருவெளிச்சத்தில் சிறு விளக்கு மறைவது போல் அது மறைந்துவிடுகின்றது. இதற்கு வழி யாது? வேண்டாத நிறங்களையெல்லாம் விலக்கி, ஒரு தனிமம் உமிழும் ஒரே நிறத்தை மட்டும் ஏற்பதேயாம். 1868 ஆகஸ்டு 18 அன்று குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், நிறமாலைக் கருவியின் துணையால் மறுநாள் கிரகணமின்றியே சூரியனின் விளிம்பில் எழும் சுவாலைகளைக் கண்டு இம்முறையை நிலைநாட்டினார்.

கோடைக்கானலில் இதற்கெனப் பயன்பட்டது ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்னும் கருவி. சூரிய பிம்பத்தின் ஒரு கீற்றை ஒரு பிளவு உள்ளே விடும். ஒளி நிறமாலையாக விரியும். இரண்டாம் பிளவு ஒரு கோட்டை மட்டும் தகட்டில் விழச் செய்யும். இவ்வாறு கீற்றுக் கீற்றாய் முழுப் படமும் உருவாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 393 நானோமீட்டரில் உள்ள கால்சியக் கோட்டிலும், 1912 முதல் 656 நானோமீட்டரில் உள்ள ஹைட்ரஜன் கோட்டிலும் படங்கள் எடுக்கப்பட்டன. முன்னது காந்தப் புலம் மிகுந்த பகுதிகளை ஒளிரக் காட்டிற்று. பின்னது கருநிற இழைகளையும் திடீரெனச் சீறும் சுடர்களையும் காட்டிற்று.

அச்சுடர்கள் நமக்கு அயலானவை அல்ல. அவற்றின் எக்ஸ் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கைத் தாக்கும்போது, பகல் வேளையில் சிற்றலை ஒலிபரப்பு சிறிது நேரம் மங்கி மறைவதுண்டு. தாயகத்தின் குரலை வானொலி வழியே கேட்டு வாழ்ந்த தீவினர்க்கு அம்மௌனத்தின் பொருள் நன்கு விளங்கும்.

இன்று பிளவுகளின் இடத்தை ஒளி வடிகட்டிகள் ஏற்றுள்ளன. ஓரியன் நெபுலாவைப் படமெடுக்கும் ஆர்வலரும் அதே 656 நானோமீட்டர் நிறத்தை ஏற்கும் வடிகட்டியைப் பொருத்துகின்றனர். வெவ்வேறு வடிகட்டிகள் வழியே தனித்தனியே எடுத்த படங்களை இணைத்து வண்ணப் படம் ஆக்குகின்றனர்.

பஞ்சத்திற்கு விடை தேடித் தொடங்கிய பணி மழையின் மறைபொருளை முற்றும் விளக்கவில்லை. ஆயினும் தொடர்ந்து சேர்த்த அப்படத் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் கணினிப் பதிவாக்கியுள்ளது. கதிரவனின் பல பதினோராண்டுச் சுழற்சிகளை உலக அறிஞர் இன்று அவற்றிற் கற்கின்றனர். நாளை நம் கடலில் எழும் கதிரவனைக் காணும்போது, ஒரு மணி நேரத்திற்குப் பின் அவனைக் காணும் அம்மலையையும் நினைவு கொள்வோமாக.