அம்மை குத்துதலும் வதந்தியும்: பாஸ்டன் நகரப் போதகர்கள் கண்ட சோதனை

இறையியல் மாணவர் நன்கறிந்த ஜோனத்தன் எட்வர்ட்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்ற சில வாரங்களுக்குள், 1758 மார்ச் 22 அன்று தமது 54ஆம் வயதில் மரித்தார். பெரியம்மையைத் தடுக்கும்பொருட்டு அவர் விரும்பிச் செய்துகொண்ட அம்மை குத்துதலே அம்மரணத்துக்குக் காரணமாயிற்று. இது வதந்தியன்று, உண்மை. தடுப்பு முறைகளைக் குறித்துப் பரவிய பொய்களை ஆராயப் புகுவோர் இவ்வுண்மையை ஒப்புக்கொண்டே தொடங்குதல் வேண்டும்.

1796இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையின் பாலைக் கொண்டு செய்த தடுப்புமுறை வேறு. அதற்கு முன்னிருந்த இம்முறை வேறு. பெரியம்மை கண்டவரின் கொப்புளச் சீழையே நலமுள்ளவரின் தோலைக் கீறி உட்செலுத்தினர். அவருக்கு நோய் பெரும்பாலும் இலேசாக வந்து நீங்கும். சிலவேளை கொல்லவும் செய்யும்.

1721இல் பாஸ்டன் நகரில் பெரியம்மை பரவியபோது இம்முறையைப் பரிந்துரைத்தவர் போதகர் காட்டன் மேதர். 1706இல் அவருடைய சபையார் அவருக்கு ஓர் ஆப்பிரிக்க அடிமையை அளித்திருந்தனர். பிலேமோன் நிருபத்து அடிமையின் பெயரால் ஒநேசிமு என்று அழைக்கப்பட்ட அம்மனிதர், தம் நாட்டில் தமக்கு அம்மை குத்தப்பட்டதைத் தழும்பு காட்டி விளக்கினார். சேலம் சூனிய வழக்குகளைத் தம் எழுத்தால் ஆதரித்த அதே மேதர், ஓர் அடிமையின் சாட்சியை மதித்துக் கேட்டது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அவ்வடிமையை அவர் அடிமையாகவே வைத்திருந்ததும் அவ்வாறே.

மருத்துவர் சாப்டியேல் பாயில்ஸ்டன் ஜூன் 26 அன்று தம் ஆறு வயது மகனுக்கும் தம் வீட்டு அடிமைகள் இருவருக்கும் முதலில் குத்தினார். நகரம் கொதித்தெழுந்தது. மருத்துவப் பட்டம் பெற்றிருந்த வில்லியம் டக்ளஸ் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். குத்திக்கொண்டவர் பிறருக்கு நோயைப் பரப்பக்கூடும் என்று அவர் கூறியது முற்றிலும் சரியே. ஆயினும் நியாயமான இவ்வெச்சரிக்கையோடு ஏளனமும் அச்சமும் கலந்தன. ஆப்பிரிக்கரின் சொல் நம்பத்தகாதது என்னும் இனச்செருக்கும் சேர்ந்துகொண்டது. நவம்பரில் மேதரின் வீட்டுச் சாளரத்தின் வழியே வெடிகுண்டு எறியப்பட்டது. திரி கழன்றுவிட்டமையால் அது வெடிக்கவில்லை. அந்த அறையில் படுத்திருந்தவர், அம்மை குத்திக்கொண்டிருந்த மற்றொரு போதகர்.

பிரசங்க பீடமும் குற்றமற்றதாயிருக்கவில்லை. 1722இல் இலண்டனில் எட்மண்டு மாசி என்னும் குருவானவர் யோபு 2:7ஐ ஆதாரமாகக் கொண்டு, யோபுக்குப் பருக்களை வருவித்த சாத்தானே முதன்முதல் அம்மை குத்தியவன் என்னும் பொருள்பட அருளுரையாற்றினார். அவ்வசனம் இப்பொருளைத் தாங்காது என்பதை முதலாண்டு மாணவரும் அறிவர்.

பாயில்ஸ்டன் செய்த சிறந்த பணி, எதிர்ப்புக்கு விடையாகக் கணக்கை முன்வைத்தது எனலாம். 1726இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், தாம் குத்தியவர்களின் வயதையும் கண்ட அறிகுறிகளையும் அவர் பதிவு செய்தார். மரணங்களை மறைக்கவில்லை. அவரிடம் குத்திக்கொண்ட 240க்கும் மேற்பட்டோரில் 6 பேர் இறந்தனர். அதாவது ஏறத்தாழ நாற்பதில் ஒருவர். இயல்பாக நோய் கண்ட ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவானோரில் இறந்தவர் 844, ஏழில் ஒருவர். இறந்த அறுவருள் சிலர் முன்னரே நோய் தொற்றியவராயிருக்கலாம் என்று அவர் கருதியபோதிலும், அவர்களைக் கணக்கினின்று நீக்கிவிடவில்லை. டக்ளஸும் பிற்காலத்தில் இம்முறையை ஏற்றுக்கொண்டார்.

அம்மை குத்துதலை எள்ளி எழுதிய பாஸ்டன் பத்திரிகை ஒன்றின் அச்சகத்தில், அதன் உரிமையாளரின் தம்பி அந்நாளில் தொழில் பயின்றுவந்தான். அவனே பெஞ்சமின் பிராங்க்ளின். 1736இல், பிலடெல்பியாவில், அவருடைய நான்கு வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையால் இறந்தான். அம்மை குத்தியதனாலேயே குழந்தை இறந்தது என்னும் செய்தி ஊரெங்கும் பரவிற்று. அதைக் கேட்டுத் தம் பிள்ளைகளுக்குக் குத்தத் தயங்கினோரும் உண்டு. அதே டிசம்பரில் பிராங்க்ளின் தம் பத்திரிகையில் மறுப்பு வெளியிட்டார்: குழந்தைக்கு அம்மை குத்தவேயில்லை, மற்றவரைப் போலவே நோய் தொற்றியது, வயிற்றுப்போக்கிலிருந்து அவன் தேறியபின் குத்த எண்ணியிருந்தார். குத்தாமல் விட்டதற்காக நெடுங்காலம் வருந்தியதாக அவர் பல ஆண்டுகளுக்குப்பின் தம் தன்வரலாற்றில் எழுதினார்.