கம்பம் வளையுமா?

இராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர அரை மணி நேரம். மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். அன்று ஜன்னலோரம் இடம் கிடைத்தும் மலையைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த இளைஞர் கைப்பேசியில் எதையோ வெகு மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்பது தெரியும். ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு அந்தப் பழக்கம் போகாதே!

"என்ன தம்பி, இவ்வளவு நீளக் கடிதம்?" என்றேன்.

"கடிதம் இல்லை சார். ஒரு புதுச் சட்டத்துக்கு ஜனங்களோட அபிப்பிராயம் கேட்டிருக்காங்க. அனுப்புறேன்" என்றவர் சிரித்துக்கொண்டார். "அனுப்புறேனே தவிர, யார் சார் இதைப் படிக்கப் போறாங்க?"

சட்டென்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதற்குள் தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது.

வாசகர்கள் பொற்கிழி என்றதும் தருமியை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது இன்னொரு பொற்கிழி. மதுரையில் வல்லபதேவ பாண்டியனுக்கு ஒரு சந்தேகம் வந்தது: பரம்பொருள் எது? சபையில் கம்பம் நாட்டிப் பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டு, விடை சொல்ல வல்லவர் யாராயினும் வரலாம் என்று அறிவித்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குப் பூமாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் போனார், பேசினார். கம்பம் தானே வளைந்து கிழியை அவரிடம் நீட்டியது என்பது வைஷ்ணவர்களின் பரம்பரைக் கதை. அவரைத்தான் பெரியாழ்வார் என்கிறோம்.

பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். அரண்மனையில் பண்டிதர்களுக்குக் குறைவில்லை. விடையோ பூப்பறித்த கையோடு வந்தது. ஊரார் எல்லாரையும் கேட்பதில் உள்ள லாபம் அதுதான்.

இதே காரியத்தை 1714-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டும் செய்தது. நடுக்கடலில் கப்பல் இருக்கும் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுன் பரிசு என்றது. வான சாஸ்திரிகள் சந்திரனையும் நட்சத்திரங்களையும் அளந்துகொண்டிருந்தபோது, ஜான் ஹாரிஸன் என்ற தச்சர் கடல் ஆட்டத்துக்கு அசராத கடிகாரம் செய்தார். ஆனால் அங்கே கம்பம் வளையவில்லை. பரீட்சைமேல் பரீட்சை வைத்தார்கள். 1765-இல் பாதித் தொகை கிடைத்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரே தலையிட்ட பிறகு, 1773-இல் பார்லிமெண்ட் இன்னொரு தொகை கொடுத்தது. அப்போது ஹாரிஸனுக்கு வயது 80.

வியாபாரிகளும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். சுரங்கக் கம்பெனிகள் தங்கள் நில விவரங்களைப் புதையல் போலப் பூட்டி வைப்பது வழக்கம். 2000-ஆம் ஆண்டில் கானடாவின் கோல்ட்கார்ப் கம்பெனி பூட்டைத் திறந்து, விவரம் முழுவதையும் இணையத்தில் பரப்பியது. தங்கம் எங்கே என்று சொல்பவர்களுக்கு ஐந்தே முக்கால் லட்சம் டாலர் பரிசு! முதல் பரிசு பெற்றவர்கள் ஆஸ்திரேலியாக்காரர்கள். அந்தச் சுரங்கத்தைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர்.

அவ்வளவு தூரம் போவானேன்? ரூபாயின் சின்னத்தையே பாருங்கள். 2009-இல் மத்திய சர்க்கார் பொதுப்போட்டி வைத்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் வந்தன. 2010 ஜூலை 15-ஆம் தேதி மந்திரிசபை தேர்ந்தெடுத்தது உதயகுமார் என்ற தமிழர் வரைந்ததை. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய்.

ஆனால் படம் கேட்பது சுலபம். எது வந்தாலும் கேட்டவருக்கு நஷ்டம் இல்லை. அபிப்பிராயம் கேட்பதுதான் கஷ்டம். 2015-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், இணையத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஒவ்வொரு கட்டணம் வாங்கலாமா என்ற விஷயத்தில் ஜனங்களின் கருத்தைக் கேட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. எழுதியவர்களின் முகவரிகளையும் சேர்த்து ஆணையம் ஊரறிய வெளியிட்டுவிட்டது தனிக் கூத்து! இருந்தாலும், 2016 பிப்ரவரி 8-இல் அப்படி வித்தியாசமான கட்டணம் கூடாது என்று உத்தரவு பிறந்தது. கம்பம் வளைந்தது.

2020-இல் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு பற்றிய விதிகளின் நகலுக்கும் கருத்துக் கேட்டார்கள். நகல் வந்ததோ ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும். ஆலை வரப்போகும் கிராமத்துக் குடியானவருக்கு அது புரிய வேண்டாமா? எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடும்படி ஜூன் 30-ஆம் தேதி டில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. புரியாத பாஷையில் கேட்பது, கிழியைக் கோபுர உச்சியில் தொங்கவிட்டு 'வந்து எடுத்துக்கொள்' என்பது மாதிரி.

ஜனங்களைக் கேட்பதென்றால் உண்மையில் என்ன என்பதை இந்த இராஜபாளையத்துக்காரர் ஒருவரே அனுபவித்திருக்கிறார். பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரி. வயது வந்தோர் எல்லாருக்கும் ஓட்டுரிமை தந்த முதல் பொதுத்தேர்தல் அவர் பதவியில் இருக்கும்போதுதான் நடந்தது. அதில் முதன்மந்திரியே தோற்றுப்போனார்! தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்காகப் பொதுஜனங்களுக்குக் கொடுத்தவரும் அவரே.

கேட்பவர் தோற்கவும் தயாராக இருந்தால்தான் அது கேள்வி. இல்லாவிட்டால் வெறும் சம்பிரதாயம். கைப்பேசியும் இணையமும் பத்து லட்சம் குரல்களை ஒரே வாரத்தில் கொண்டுவந்து கொட்டிவிடும். கம்பத்தை அவை வளைக்கமாட்டா. அதை வளைக்க வேண்டியவர்கள் கிழியைக் கட்டியவர்கள்தாம்.

பஸ் நின்றது. பால்கோவாக் கடைகளின் வாசனை எதிர்கொண்டு அழைத்தது. இளைஞரிடம் கதையைச் சொல்லி முடித்திருந்தேன்.

"அப்போ அனுப்பட்டுமா, வேண்டாமா சார்?" என்றார்.

"அனுப்புங்கள், தம்பி. விஷ்ணுசித்தர் மதுரைக்குப் போகாமல் நந்தவனத்திலேயே இருந்திருந்தால் அந்தக் கம்பம் யாருக்காக வளைந்திருக்கும்?"

அவர் பொத்தானை அழுத்தினார். "அனுப்பியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். அவருக்குப் பதில் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. வரவேண்டும் என்பதுதான் என் ஆசை.