பிரசங்கமும் மருந்துப் பெட்டியும்

நம் சபைகளில் ஒரு பழைய வழக்கு இன்னும் தீரவில்லை. சுவிசேஷம் சொல்வதே ஊழியம், மற்றதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்கிறது ஒரு தரப்பு. நோயாளியைத் தாண்டிப் போகிறவன் செய்யும் பிரசங்கம் வெறும் சத்தம் என்கிறது மறு தரப்பு. உபதேசத்தில் கறாரானவர்கள் முதல் பக்கம், உபதேசத்தைத் தளர்த்தியவர்கள் இரண்டாம் பக்கம் என்று இரு தரப்பாருமே நம்புகிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளியை ஒட்டி எழுந்து நிற்கும் கொல்லிமலையின் கடந்த நூற்றாண்டு வரலாறு இந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி.

இந்தச் சமவெளிக்குக் கிறிஸ்தவம் புதிதல்ல. 1623-இல் மதுரையிலிருந்து கிளம்பிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். 1827-இல் லண்டன் மிஷன் சேலத்தில் வேலையைத் தொடங்கியது. ஆனால் சேந்தமங்கலத்தை அடிவாரத் தளமாக்கிக்கொண்டு மலையைக் குறிவைத்தவர்கள் இங்கிலாந்தின் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டுகள். பெயரிலேயே கண்டிப்பு உண்டு. விசுவாசித்து, தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே திருவிருந்து. தேவன் தெரிந்துகொண்டவர்களே மீட்கப்படுவார்கள் என்ற கால்வினிய உபதேசம். இந்த உபதேசத்தைக் காரணம் காட்டி, ஊரூராகப் போய் அழைப்பு விடுப்பதே தேவையா என்று கேட்டவர்களும் அந்த மரபில் இருந்தார்கள். அப்படிப்பட்ட வட்டத்திலிருந்து 1907-இல் இந்தியா வந்தவர்தான் கட்டடத் தொழில் தெரிந்த ஜெஸ்ஸி பிராண்ட். 1913-இல் எவலின் என்பவரை மணந்து அவர் குடியேறிய இடம் கொல்லிமலையின் வாழவந்தி.

அங்கே அவர்கள் செய்தவற்றில் எது ஊழியம், எது சமூக சேவை என்று கோடு கிழிக்க முடியாது. ஜெஸ்ஸி மலைக்கு வருமுன் லண்டனில் ஓராண்டு அடிப்படை மருத்துவம் படித்திருந்தார். வேதாகமம் பிடித்த அதே கையால் புண் கட்டினார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக வெளியே எடுத்தார். மலைவாசிகளுக்குத் தச்சும் நெசவும் கற்றுக்கொடுத்தார், வரிச்சுமையைப் பற்றி அவர்களுக்காக அதிகாரிகளிடம் பேசினார். இத்தனைக்கும் பல ஆண்டுகள் மலையில் ஒருவரும் ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. 1918-ஐ ஒட்டிப் பரவிய விஷக்காய்ச்சலில் சாகும் தறுவாயில் இருந்த உள்ளூர்ப் பூசாரி ஒருவர், தம் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்தார். அதன் பிறகே மலையின் மனம் இளகத் தொடங்கியது.

மருந்து என்பது மதம் மாற்றப் போட்ட தூண்டில்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, மிஷன் வரலாற்றில் அதற்கு இடம் கொடுத்த ஊர்களும் உண்டு. ஆனால் தூண்டில் போட்டவன் மீன் சிக்காத குளத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்க மாட்டான். வரிக்காக அதிகாரியைப் பார்க்கப் போவதால் ஒரு ஞானஸ்நானமும் கூடப்போவதில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து விசுவாசிகளே எழுப்பும் ஆட்சேபணை வேறு: சேவை பெருகினால் சுவிசேஷம் நீர்த்துப்போகும் என்பது. எவலினின் வாழ்க்கையே அதற்குப் பதில். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அதன் பிறகு எவலின் சமவெளியில் உழைத்தார். எழுபதை நெருங்கிய வயதில் மிஷன் ஓய்வு கொடுத்ததும் தாமாகவே மலையேறினார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன், போதமலை, சித்தேரி என்று அலைந்தார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் போனார். கடைசிவரை மருந்துப் பெட்டியும் வேதாகமமும் சேர்ந்தே பயணம் செய்தன.

1974 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய உலக சுவிசேஷக மாநாடு, சுவிசேஷம் அறிவிப்பதும் சமுதாயப் பொறுப்பும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமை என்று உடன்படிக்கையாகவே எழுதியது. அதை வரைந்ததில் ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட்டுக்குப் பெரும் பங்கு. பெரிய முன்னேற்றமாகப் பேசப்பட்ட அந்த வாக்கியத்தை எவலின் அறுபது ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். வாழவந்தியில் கணவர் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து இந்த மலையில் வளர்ந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சையால் மீண்டும் அசைவு கொடுத்தவர் அவர்தான். நோயாளியைத் தாண்டிப் போகாத மனம் அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த சொத்து. ஆனால் விலையும் இருந்தது. 1923-இல் ஒன்பது வயதில் இங்கிலாந்தில் விடப்பட்ட அந்தச் சிறுவன் தன் தந்தையை மறுபடி பார்க்கவே இல்லை. ஊழியத்துக்காகப் பிள்ளைகளைப் பிரிந்ததை நான் புகழ மாட்டேன்.

இன்னொரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வரலாறு பெரும்பாலும் வெள்ளைக்காரர் கடிதங்களிலிருந்தும் ஆங்கில நூல்களிலிருந்தும் வருகிறது. மலையாளிகள் எனப்படும் இந்த மலையின் மக்கள் தங்கள் தெய்வங்களைப் பற்றியும் வந்த துரையைப் பற்றியும் என்ன நினைத்தார்கள் என்பது அவற்றில் ஓரமாகத்தான் தெரிகிறது. டோலி சுமந்தவர்கள், மருந்து கலந்தவர்கள், அம்மையார் போக முடியாத குடிசைக்குள் நுழைந்து தமிழில் ஜெபித்த உதவியாளர்கள் ஆகியோரின் சாட்சியம் இல்லாமல் என் வாதமும் முழுமையாகாது. சேந்தமங்கலத்திலும் மலையிலும் உள்ள சபைகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் ஞானஸ்நானப் பதிவேடுகளைத் திறந்து, அந்தப் பெயர்களை உங்கள் வீட்டு முதியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.