கந்தரோடைத் தூபிகள்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையில், பனைகளினிடையே சில மண்மேடுகள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1917ஆம் ஆண்டளவில் வரலாற்றறிஞர் போல் பீரிஸ் அவற்றை ஆராய்ந்து, பௌத்த தூபிகளின் எச்சங்களை வெளிப்படுத்தினார். உரோம நாணயங்களும் அவ்வூரிற் கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, தென்னிந்தியப் பெருங்கற்கால மக்கள் ஆண்டவை போன்ற கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் வெளிவந்தன.

இத்தூபிகள் முருகைக் கல்லால் ஆனவை. மண்ணுள் மறைந்திருந்தவரை மண்ணே அவற்றுக்குக் காப்பு. வெளிவந்த பின்னரோ, மழைநீர் சுண்ணத்தைக் கரைக்கும், வேர்கள் இடுக்குகளைப் பிளக்கும். தொல்லியல் திணைக்களத்தார் பல தூபிகளை மீளக் கட்டினர். ஆயினும், உருவத்தை நிமிர்த்துதல் மட்டும் பேணலாகாது. பழைய கல் எது, புதிய கட்டு எதுவெனப் பிரித்தறியச் செய்தலும் வேண்டும்.

மணிமேகலையைப் படைத்த தமிழர்க்குப் பௌத்தம் அயலன்று. இக்கற்கள் தேய்ந்தொழியின், அவ்வுண்மைக்குரிய சான்றொன்றும் அவற்றோடு தேயும்.